காட்டுக்கு ஒரு கத்தி



சென்ற இதழில் பிள்ளைகளின் குளிர்காலச் சப்பாத்துகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். நோர்வேக்கு வந்து இரண்டு வருடம். மனைவியும் நாலாம் வகுப்பில் படிக்கும் மகனும் உடன் இருக்கிறார்கள். மாலை நேரங்களில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்பரவு வேலை செய்கிறார்.

"அண்ணை, பள்ளிக்கூடத்தில இருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. வியாழக்கிழமை காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம். மதியச் சாப்பாடு, மழை உடுப்பு, இருக்கிறதுக்குப் பாய் எண்டு எழுதியிருக்கு. கடைசியில, விரும்பினால் கத்தியும் கொண்டு வரலாம் எண்டும் போட்டிருக்கு. இது பிழையாய் அச்சடிச்சதோ, இல்லாட்டி உண்மைதானோ?"

உண்மைதான் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

"அப்ப எனக்கும் ஒண்டு வேண்டலாம் எண்டு நினைக்கிறன். காட்டுக்கும் உதவவேணும், ராவில வேலை முடிஞ்சு வரேக்க ஒரு பாதுகாப்பாயும் இருக்கவேணும். ரண்டுக்கும் பொருந்துற மாதிரி ஒரு நல்ல கத்தி சொல்லுங்கோ அண்ணை."

இம்முறை இப்பக்கம் முழுவதும் அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்தான். முதற் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவது கேள்வி எங்களில் பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒருவரிடமும் கேட்காத கேள்வி. ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

கத்தியும் நாங்களும்

ஊரில் கத்தி இல்லாத வீடு இருந்ததில்லை. ஓலை வார்ந்து பெட்டி இழைக்கும் ஆச்சியிடம் சத்தகம் இருந்தது. வேலி அடைக்கவும் பற்றை வெட்டவும் காட்டுக்கத்தி இருந்தது. சீவல் தொழிலாளி இடுப்பில் பாளைக்கத்தியோடுதான் பனைக்கு ஏறினார். காட்டுக்கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்தில் இருந்து வரும் அப்புவைப் பார்த்து எவரும் பயந்ததில்லை. கத்தி என்பது தொழில் செய்யும் சாமான்.

பிறகு போர் வந்தது. சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டி வளர்ந்த எங்களுக்குக் கத்தி என்ற சொல்லே வேறொன்றை நினைவூட்டத் தொடங்கியது. அதனால்தான் ஐந்து வயதுப் பிள்ளை பாலர் பாடசாலையில் இருந்து வந்து, "அம்மா, இண்டைக்கு நான் கத்தியால தடி சீவினனான்" என்று சொல்லும்போது எங்கள் வீட்டுத் தாய்மார் திடுக்கிடுகிறார்கள்.

நோர்வே மக்களிடம் கத்தி இன்னும் அந்தப் பழைய இடத்திலேயே இருக்கிறது. உறையில் போட்டு இடுப்புவாரில் தொங்கவிடும் சிறிய கத்தியை அவர்கள் தொல்லெக்னீவ் என்பார்கள். மடங்காத அலகும் மரப்பிடியும் கொண்டது. விவசாயி, மீனவர், மரம் வெட்டுபவர் எல்லோரும் வைத்திருந்த கத்தி அது. மே 17ஆம் திகதி தேசிய தினத்தன்று தேசிய உடை அணிந்து ஊர்வலம் போகும் ஆண்களில் சிலரின் இடுப்பில், வெள்ளி வேலைப்பாட்டோடு இதே கத்தி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வடக்கே சாமி மக்கள் இரண்டு கத்தி வைத்திருப்பது வழக்கம். பெரியது பேர்ச் மரக் கிளைகளை வெட்ட, சிறியது நுணுக்கமான வேலைக்கு.

எனவே ஆசிரியர் கத்தி கொண்டுவரச் சொல்வது கவலையீனம் அல்ல. கூரான பொருளை எப்படிப் பிடிப்பது, எப்படி மற்றவர் பக்கத்தில் பொறுப்பாக வைத்திருப்பது என்று பெரியவர் முன்னிலையில் சிறுவயதிலேயே பழக்குகிறார்கள். எங்கள் பிள்ளை மட்டும் பயத்தோடு ஒதுங்கி நின்றால் அது பிள்ளைக்கு நட்டம்.

எந்தக் கத்தி?

1980களின் பிற்பகுதியில், எங்களில் பலரைப் போல நானும் வடக்கே பின்மார்க் மாகாணத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். கத்தியைப் பற்றி நான் அறிந்ததில் பாதி அங்கே கற்றது. அங்கு தந்த மீன் கத்தியின் அலகு நீளம், மெல்லியது, வளையக்கூடியது. மீன் முள்ளோடு ஒட்டி ஓட அது வேண்டும். ஒருநாள் நான் அதே மாதிரியான கத்தியை உள்நாட்டு ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்த் தடி சீவப் பார்த்தேன். அலகு வளைந்து வழுக்கி விரலில் ஏறியது. உடன் வந்த நோர்வேக் கிழவர் ஒன்றும் பேசாமல் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, தன் இடுப்புக் கத்தியைக் கழற்றி என் கையில் தந்தார். வேலைக்கு ஏற்ற கத்தி என்றால் என்னவென்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

காட்டில் கத்திக்கு உள்ள வேலை என்ன? சொசேஜ் குத்திச் சுட ஒரு தடியைச் சீவிக் கூராக்குதல், அடுப்பு மூட்டச் சிராய் சீவுதல், கயிறு வெட்டுதல், பாண் வெட்டுதல், பிடித்த மீனைத் துப்பரவாக்குதல். இவ்வளவுதான். இதற்குப் பின்வரும் குணங்கள் உள்ள கத்தி போதும்.

முதலாவது, மடங்காத கத்தி. மடக்குக் கத்தி பொக்கற்றுக்கு வசதி. ஆனால் பூட்டு இல்லாத மடக்குக் கத்தி அழுத்தி வெட்டும்போது விரல்மேல் மடியலாம். மூட்டுக்குள் மண்ணும் மீன் செதிளும் அடையும். பழகுபவருக்கு மடங்காததே பாதுகாப்பு.

இரண்டாவது, நீளம். அலகு உங்கள் உள்ளங்கை அகலத்துக்குச் சற்று அதிகம் இருந்தால் போதும். 9 முதல் 10 சென்ரிமீற்றர் வரை. நீளம் கூடினால் வலிமை கூடும் என்று நினைக்காதீர்கள். நீண்ட அலகின் நுனி எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியாது.

மூன்றாவது, தடிப்பு. இரண்டரை முதல் மூன்று மில்லிமீற்றர் வரை நல்லது. அதைவிட மெல்லியது மரத்தில் வளையும். மிகத் தடித்தது ஆப்பு மாதிரிப் பிளக்குமே தவிரச் சீவாது.

நான்காவது, கூர் வைத்த விதம். இங்குள்ள பாரம்பரியக் கத்திகளில் அலகின் இரண்டு பக்கமும் ஒரே நேரான அகலச் சரிவாகக் கூர் விளிம்பு வரை இறங்கும். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. தீட்டும்போது அந்தச் சரிவை அப்படியே கல்லில் படுக்க வைத்துத் தேய்த்தால் சரி. கோணம் பார்த்துப் பிடிக்கும் கைப்பழக்கம் இல்லாதவரும் தீட்டலாம்.

ஐந்தாவது, உருக்கு. காபன் உருக்கு, துருப்பிடிக்காத உருக்கு என இரண்டு வகை. காபன் உருக்கைத் தீட்டுவது எளிது, ஆனால் ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாளே துரு. மழையும் கடற்காற்றும் உள்ள இந்நாட்டில், கத்தியைப் பராமரித்துப் பழக்கம் இல்லாதவர்கள் துருப்பிடிக்காத உருக்கை வாங்குங்கள். எதுவானாலும் கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகே உறையில் போடவேண்டும்.

ஆறாவது, பிடி. கையுறை போட்ட கையாலும் ஈரக் கையாலும் பிடித்துப் பாருங்கள். வழுக்கக்கூடாது. அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பிடியின் கடைசி வரை போவது உறுதியானது. முக்கால்வாசி போனாலும் நான் மேலே சொன்ன வேலைகளுக்குப் போதும்.

ஏழாவது, உறை. கத்தியைவிட உறையைக் கவனித்துப் பாருங்கள். கத்தியைப் போட்டதும் இறுகப் பிடிக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் விழக்கூடாது. பிளாஸ்ரிக் உறை கழுவ எளிது. தோல் உறை அழகு, ஆனால் ஈரத்தை வைத்திருக்கும்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்காக மூன்று இடங்களைச் சொல்கிறேன். சுவீடனில் டாலார்ணா பகுதியில் உள்ள மோரா ஊரில் 1891ஆம் ஆண்டு தொடங்கிய கத்தித் தொழிலின் வழிவந்தவை மோரா கத்திகள். பிளாஸ்ரிக் பிடி, பிளாஸ்ரிக் உறை, விலை குறைவு. நோர்வேயின் தொழிலாளரும் சாரணரும் மீனவரும் பாவிப்பது பெரும்பாலும் இதுதான். நோர்வேயின் மேற்குக் கரையில் ஹொல்மெடால் என்ற சிற்றூரில் 1932 முதல் ஹெல்லெ கத்திகள் செய்யப்படுகின்றன. நடுவில் கடினமான உருக்கும் இரு பக்கமும் மென்மையான உருக்குமாக மூன்று படையாகச் செய்யும் அலகு இவர்களின் சிறப்பு. மரப்பிடி, தோல் உறை, விலை அதிகம். பின்லாந்தில் றொவானியெமி நகரில் 1928 முதல் மார்த்தீனி கத்திகள். புதிதாக வந்த குடும்பத்துக்கு விலை குறைந்ததே போதும். ஒன்று தொலைந்தாலும் மனம் நோகாது.

எதை வாங்கக்கூடாது? முதுகில் வாள்ப் பல்லும், இரண்டு பக்கக் கூரும், கறுப்புப் பூச்சும், சினிமாக் கதாநாயகன் தோற்றமும் உள்ள கத்திகளை விட்டுவிடுங்கள். அவற்றால் தடி சீவ முடியாது. பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தி, பிடி இரண்டாகப் பிரிந்து சுழலும் வண்ணத்துப்பூச்சிக் கத்தி, குத்துவதற்கென்றே செய்த ஒடுங்கிய கத்தி ஆகியவை நோர்வேயில் தடை செய்யப்பட்டவை. விடுமுறைக்கு வேறு நாட்டுக்குப் போன இடத்தில் சந்தையில் மலிவாகக் கிடைத்தாலும் கொண்டுவராதீர்கள்.

பிள்ளைக்கு வாங்கும்போது சிறுவர் கத்தி என்றே கேளுங்கள். நுனி வட்டமாக மழுங்கியிருக்கும். கை முன்னுக்கு வழுக்கி அலகில் ஏறாமல் பிடியில் ஒரு தடுப்பு இருக்கும். ஆனால் கூர் இருக்கும், இருக்கவும் வேண்டும். கூர் மழுங்கிய கத்திதான் கையை வெட்டும் என்று மீன் தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளர் அடிக்கடி சொல்வார். மழுங்கினால் நாங்கள் அதிகம் அழுத்துகிறோம், அழுத்தினால் வழுக்குகிறது.

பிள்ளையோடு ஒருமுறை பழகுங்கள்

வியாழக்கிழமை பள்ளிக்கு அனுப்ப முன்னர் ஞாயிற்றுக்கிழமை நீங்களே பிள்ளையைப் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப்போங்கள். இந்த ஒழுங்குகளைச் சொல்லிக்கொடுங்கள்.

சீவும்போது இருந்துகொண்டே சீவவேண்டும். கத்தி எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகப் போகவேண்டும். மடியில் வைத்துச் சீவக்கூடாது. முழங்கால்களுக்கு முன்னால் அல்லது உடம்புக்கு வெளிப்பக்கத்தில் வைத்துச் சீவவேண்டும். தொடையின் உட்பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. கையை நீட்டினால் மற்றப் பிள்ளையைத் தொடாத அளவு இடைவெளி வேண்டும். எழுந்து நடக்க முன்னர் கத்தி உறைக்குள் போகவேண்டும். மற்றவருக்குக் கொடுப்பதென்றால் உறையில் போட்டுக் கொடுப்பது நல்லது. பையில் பிளாஸ்ரரும் துணிக்கட்டும் இருக்கட்டும்.

காட்டிலும் சட்டம் உண்டு. 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்க்கைச் சட்டம் இந்நாட்டில் எவருக்கும், நேற்று வந்த எங்களுக்கும், மற்றவருக்குச் சொந்தமான காட்டிலும் மலையிலும் நடக்கும் உரிமையைத் தருகிறது. வீடுகளில் இருந்து 150 மீற்றர் தள்டிக் கூடாரமும் அடிக்கலாம். ஆனால் உயிருள்ள மரத்தை வெட்டவோ பட்டை உரிக்கவோ கூடாது. விழுந்து காய்ந்த கிளைகளை எடுங்கள். ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டருகிலும் நெருப்பு மூட்டுவதற்குப் பொதுவான தடை இருக்கிறது. பள்ளி அந்த நாட்களில் மூட்டுகிறதென்றால் அனுமதித்த இடத்தில் மூட்டுகிறது என்று கொள்ளுங்கள். நீங்கள் தனியே போகும்போது உள்ளூராட்சிச் சபை ஒதுக்கிய இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி

இனி அந்தத் தம்பியின் இரண்டாவது கேள்வி. "பாதுகாப்புக்கும் உதவுற கத்தி."

நான் சொன்னேன்: "தம்பி, அப்பிடி ஒரு கத்தி இல்லை. காட்டுக்குத்தான் கத்தி இருக்கு."

அவர் சரி என்று வைத்துவிட்டார். அன்றிரவே அவருடைய மனைவி அழைத்தார்.

"அண்ணா, இவர் உங்களுக்கு முழுக்கதையும் சொல்லேல்ல. போன மாதம் ஸ்டேசனில நாலு பொடியள் இவரைச் சுத்தி நிண்டு பையை இழுத்து, நிறத்தைச் சொல்லி ஏசியிருக்கிறாங்கள். அதுக்குப் பிறகு இவர் குசினிக் கத்தியை ஜக்கெற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு வேலைக்குப் போறார். எனக்கும் தெரியாது. நேற்று மகன் பஸ் காட் எடுக்கிறதுக்கு அந்த ஜக்கெற்றுக்குள்ள கையை விட்டிட்டான். நல்ல காலம், துணி சுத்தியிருந்தது. 'அப்பா, உங்களுக்கும் பள்ளிக்கூடத்தில தூர் இருக்கோ' எண்டு கேக்கிறான். என்ன சொல்லுறது அண்ணா?"

தூர் என்றால் நோர்வே மொழியில் உலா. பிள்ளை குற்றமில்லாமல் கேட்ட கேள்வி. ஆனால் தகப்பனிடம் பதில் இருக்கவில்லை.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஆளில்லாத நிலையத்தில், மொழி சரியாக வராமல், நாலு பேர் நடுவில் தனியே நின்றவருக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆனால் பயத்துக்கு மருந்தாக எடுத்த பொருள் என்ன செய்யும் என்பதைப் பார்க்கவேண்டும்.

சட்டம் முதலில். இந்நாட்டின் தற்போதைய தண்டனைச் சட்டம் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2015 ஒக்ரோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் 189ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் கத்தியோ, உடம்பில் காயம் செய்யக்கூடிய அதுபோன்ற கூரிய பொருளோ கொண்டு திரிவது குற்றம். எடுத்துக் காட்டவேண்டியதில்லை, வைத்திருந்தாலே போதும். இதற்கு விலக்கு உண்டு. வேலைக்காக, காட்டு உலாவுக்காக, அல்லது அதுபோன்ற மதிப்பான நோக்கத்துக்காகக் கொண்டுபோகலாம். தன்னைப் பாதுகாப்பதற்கு என்று சொல்வது அந்த மதிப்பான நோக்கங்களில் சேராது. பொலிஸ் பையைத் திறந்து கேட்கும்போது, "பயத்தில் வைத்திருக்கிறேன்" என்று நீங்கள் உண்மையைச் சொன்னால், அந்த உண்மையே உங்களுக்கு எதிரான சாட்சி.

ஆகவே கத்தி ஒன்றாக இருந்தாலும், அது இருக்கும் இடமும் காரணமும் அதை இரண்டாக்கிவிடுகிறது. ஞாயிறு காலை மீன் தூண்டிலோடும் தேநீர்ப் போத்தலோடும் பையில் இருந்தால் அது உபகரணம். வெள்ளி இரவு நகரத்தில் ஜக்கெற்றுக்குள் இருந்தால் அது குற்றம். கலியாண மண்டபத்துக்கு மரக்கறி வெட்டக் கொண்டுபோகும் கத்தியைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காட்டில் இருந்து வரும்போதும் கத்தியை இடுப்பில் தொங்கவிட்டபடி கடைத்தெருவுக்குப் போகாதீர்கள். காரின் கதவுப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். பிள்ளையின் பள்ளிப் பையில் இருந்து அன்றே எடுத்துவிடுங்கள். ஆசிரியர் எழுதிக் கேட்ட நாள் தவிர வேறெந்த நாளும் அது பள்ளிக்குப் போகக்கூடாது.

குற்றத்தீர்ப்பும் அபராதமும் எங்களுக்கு இன்னொரு வகையிலும் பாதிப்பு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அவை பார்க்கப்படும். அதற்காக மேலதிகமாகக் காத்திருக்கும் காலம் விதிக்கப்படலாம். எத்தனை வருடம் காத்திருந்து இந்த நாட்டுக்கு வந்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த நிலையத்தில் நின்ற நாலு பேர் முன்னால் தம்பி கத்தியை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கை நடுங்கும். நாலு பேரில் ஒருவன் ஓடலாம், ஒருவன் பாயலாம். பறித்தால் கத்தி அவன் கையில். பறிக்காவிட்டால் தம்பியின் கையால் ஒரு பதினாறு வயதுப் பையன் இரத்தத்தில் கிடப்பான். இந்நாட்டுச் சட்டமும் தாக்கப்படுபவர் தன்னைக் காக்கலாம் என்று சொல்கிறது. ஆனால் தேவைக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. பையை இழுத்தவனைக் கத்தியால் குத்துவது தேவைக்குள் அடங்குமா என்று பிறகு ஒரு நீதிமன்றம் ஆறுதலாக இருந்து தீர்மானிக்கும். அதுவரை அந்த மகனுக்குத் தகப்பன் எங்கே?

மீன் தொழிற்சாலையில் எங்கள் ஒவ்வொருவரின் கையிலும் நாள் முழுக்கச் சவரக்கத்தி போன்ற கூருள்ள கத்தி இருந்தது. சண்டையும் வந்திருக்கிறது, வாய்த்தர்க்கமும் வந்திருக்கிறது. ஆனால் வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவோம். அந்தப் பழக்கம் எங்களை எவ்வளவு காப்பாற்றியது என்று இப்போது விளங்குகிறது.

அப்படியென்றால் என்ன செய்வது?

"கத்தி வேண்டாம் எண்டு சொல்லுறது லேசு, நாளைக்கும் நான்தானே அந்த ஸ்டேசனில நிக்கவேணும்" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் சேர்ந்து யோசித்துச் செய்தவை இவை.

ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 112. அது பொலிஸ். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸ்க்கு 113. மொழி வராவிட்டாலும் இடத்தின் பெயரையும், உதவி என்ற பொருளில் யெல்ப் என்ற சொல்லையும் சொன்னால் போதும். தமிழிலோ ஆங்கிலத்திலோ உரத்துக் கத்தினாலும் பரவாயில்லை. உடனடி ஆபத்து இல்லாதபோது பொலிசுக்கு 02800. இந்த நான்கு இலக்கங்களையும் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பையை இழுத்தால் பையை விடுங்கள். பையை மறுபடி வாங்கலாம். வெளிச்சமும் ஆட்களும் உள்ள பக்கமாக நடவுங்கள். பஸ்ஸில் சாரதிக்கு அருகில் இருங்கள். பெரிய சத்தம் எழுப்பும் சிறிய கருவி கடைகளில் கிடைக்கிறது. அதை வைத்திருப்பது குற்றமல்ல. கண்ணில் அடிக்கும் மிளகு விசிறி மட்டும் வேண்டாம்.

நடந்ததைப் பொலிசில் முறையிடுங்கள். முறைப்பாட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். உங்கள் தோல் நிறத்தையோ மதத்தையோ குறித்து இழிவாக ஏசியிருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். வெறுப்புப் பேச்சை அதே தண்டனைச் சட்டத்தின் 185ஆம் பிரிவு குற்றமாக்குகிறது.

வேலை கொடுப்பவரிடம் பேசுங்கள். ஒருவர் தனியே வேலை செய்வதால் வரும் ஆபத்தை ஆராய்ந்து ஒழுங்கு செய்வது, தொழிற்சூழல் சட்டப்படி வேலை கொடுப்பவரின் கடமை. வேலைத்தலத்தில் தொழிலாளரின் பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவர் இருப்பார். நோர்வே மொழியில் வர்னெஒம்பூட் என்பார்கள். அவரிடம் போங்கள். எங்கள் ஆட்கள் பலருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

தம்பி முறையிட்டார். அந்தப் பையன்கள் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை, முறைப்பாடு மூடப்பட்டதாகக் கடிதம் வந்தது. அதனால் அவர் மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் வேலை நேரம் மாறியது. அதே கட்டடத்தில் வேலை செய்யும் ஒரு சோமாலி நாட்டவரோடு இப்போது ஒன்றாக முடித்து ஒன்றாக ரயில் ஏறுகிறார். பயம் முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லை அண்ணை, இருக்குத்தான். ஆனால் இப்ப ரண்டு பேர்" என்றார்.

குசினிக் கத்தி குசினிக்குத் திரும்பிவிட்டது.

சனிக்கிழமை நாங்கள் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். மகனுக்கு வட்ட நுனிச் சிறுவர் கத்தி ஒன்று, தகப்பனுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அலகுள்ள பிளாஸ்ரிக் பிடிக் கத்தி ஒன்று. இரண்டும் சேர்ந்தும் ஒரு சோடி சப்பாத்தின் விலை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டில், காய்ந்த பேர்ச் கிளை ஒன்றைத் தகப்பன் சீவிக் காட்டினார். எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். ஆச்சி ஓலை வார்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த பழக்கமாம். சத்தகம் பிடிக்கிற மாதிரியே பெருவிரலை அலகின் முதுகில் வைத்திருந்தார். மகன் அதைப் பார்த்து அப்படியே பிடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கத்தியும் கழுவி, துடைத்து, உறையில் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் காட்டுப் பைக்குள் வைக்கப்பட்டன. அடுத்த தூர் வரும்வரை அவை அங்கேதான். உங்கள் வீட்டிலும் அப்படியே வையுங்கள்.

உங்கள் வீட்டு ஆண்களின் ஜக்கெற்றையும், வளர்ந்த பிள்ளைகளின் பையையும் ஒருமுறை பாருங்கள். ஏதாவது இருந்தால் ஏசாதீர்கள். முதலில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் கத்தியை வெளியே எடுக்கச் சொல்ல முடியும்.

அடுத்த இதழில் பனியில் கார் ஓட்டுவதற்கான குளிர்கால ரயர் பற்றி எழுதுகிறேன். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். பெயர் போட விரும்பாவிட்டால் அதையும் குறிப்பிடுங்கள்.